மார்மோசெட் என்னும் சிறு குரங்குகளின் மெலிவு நோய்: பொது நிதிக்கு ஒரு வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

எங்கள் பராமரிப்பில் இருந்த ஒரு பெண் மார்மோசெட் பார்வைக்குப் புசுபுசுவென்றுதான் இருந்தது. கையில் எடுத்துத் தொடையைத் தடவியபோது தோலுக்கடியில் எலும்பு தட்டியது. வாலின் அடியில் முடி கொட்டியிருந்தது. தீனித் தட்டோ தினமும் காலியாகிக்கொண்டிருந்தது. தின்றது எதுவும் உடம்பில் ஒட்டவில்லை. அதைக் காப்பாற்ற முடியவில்லை.

கூண்டில் வளரும் மார்மோசெட்டுகளை நெடுங்காலமாக வாட்டும் மெலிவு நோய் இது. குடற்சுவரில் நாள்பட்ட அழற்சி, விடாத வயிற்றுப்போக்கு, சோகை. ரத்தத்தில் ஆல்புமின் என்னும் புரதம் இறங்கும், தசை கரையும். காரணம் இதுதான் என்று மருத்துவர்களால் இன்னும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. கோதுமைப் புரதம், மன அழுத்தம், கரப்பான் பூச்சியைத் தின்பதால் கணையத்தில் குடியேறும் புழு எனப் பலவற்றின் மேலும் சந்தேகம் இருக்கிறது.

பிரேசில் காடுகளில் மார்மோசெட் கீழ்ப்பற்களால் மரப்பட்டையைக் கீறி, கசியும் பிசினை நக்கி வாழும் பிராணி. அந்தப் பிசினைக் குடலுக்குள் நொதிக்கவைத்துச் செரிக்கும்படியே அதன் வயிறு அமைந்திருக்கிறது. அந்த வயிற்றுக்கு நாம் ரொட்டியும் இனிப்புப் பழமும் கொடுத்துப் பழக்கியது பெரிய பிழை என்றே எங்களுக்குத் தோன்றுகிறது.

வளர்ந்த மார்மோசெட்டின் எடை ஏறத்தாழ 350 கிராம். 35 கிராம் இறங்கினால் பத்தில் ஒரு பங்கு போய்விட்டது. முடி அதை மறைத்துவிடும். ஆகவே கூண்டுக்கு ஒன்றாக, ஒரு கிராம் வரை காட்டும் தராசு வேண்டும். பிடித்து அமுக்கத் தேவையில்லை. தட்டில் ஒரு சொட்டுப் பிசின் வைத்துப் பழக்கினால் தானே ஏறி உட்கார்ந்து நக்கும். அதற்குள் எடையைக் குறித்துக்கொள்ளலாம்.

எடை இறங்கியவற்றுக்கு ரத்தப் பரிசோதனையும் மலப் பரிசோதனையும் செய்ய வேண்டும். குடல் அழற்சியைத் தணிக்கும் புடெசோனைடு மருந்தால் சில மார்மோசெட்டுகளுக்கு எடை திரும்பியிருக்கிறது. அந்த மருந்துக்கும், வைட்டமின் டி3 சேர்ந்த தீவனத்துக்கும், பிசினுக்கும், கூண்டறையில் கரப்பான் புகாமல் விரிசல்களை அடைக்கவும் பணம் தேவை.

பராமரிப்பாளர்கள் பலர் சேர்ந்து இதற்கென ஒரு பொது நிதி தொடங்கியிருக்கிறோம். இயன்றதைப் பொருளாளரிடம் கொடுத்து ரசீது பெற்றுக்கொள்ளுங்கள். வரவு செலவைக் கொடுத்தவர் எவரும் கேட்டுப் பார்க்கலாம். பயன்படுத்தாத நல்ல தராசு இருந்தால் அதையும் தாருங்கள்.

இறந்துபோனதன் இணை இப்போதும் அதே கூண்டில் இரட்டைக் குட்டிகளை முதுகில் சுமந்து திரிகிறது. முதல் தராசு அந்தக் கூண்டுக்குத்தான்.

இப்படிக்கு,
பராமரிப்பாளர் குழுவினர்