ஞாயிறு கூட்டம்: 'எம்டன்' என்ற சொல்

நண்பர்களுக்கு வணக்கம். இந்த ஞாயிறு மாலை 5 மணிக்கு, போர் நம் பேச்சில் விட்டுப்போன சொற்களைப் பற்றிப் பேசுவோம். முதலில் 'எம்டன்'.

1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்தைச் சுட்டதில் பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. ஊரில் பலர் மூட்டை கட்டினார்கள். நவம்பரில் கோகோஸ் தீவருகே கப்பலின் கதை முடிந்தது; பெயர் மட்டும், துணிச்சலும் தந்திரமும் உள்ள ஆளைக் குறிக்கும் சொல்லாக நம்மிடம் தங்கிவிட்டது. "அவன் சரியான எம்டன்" என்று பாட்டி திட்டினால் அதில் பாதி பாராட்டுதான்!

எம்டன் சுட்டதைக் குறிக்கும், உயர் நீதிமன்றச் சுவரில் உள்ள கல்வெட்டைப் படம் எடுத்தவர்கள் கொண்டுவாருங்கள். அப்புறம், 1942-இல் ஜப்பான் குண்டுக்குப் பயந்து சென்னையைக் காலி செய்த கதை உங்கள் வீட்டில் இருந்தால் எழுதி வாருங்கள். ஃபார்வர்டில் வந்த கதைகள் வேண்டாம்.