வயிற்றிலேயே இறந்த குழந்தைக்கும் தணிக்கை வேண்டும்

தமிழ்நாடு மக்கள் நல்வாழ்வுத் துறையினருக்கு வணக்கம்.

பிரசவத்தில் ஒரு தாய் இறந்தால் நீங்கள் சும்மா விடுவதில்லை. வலி எப்போது எடுத்தது, 108 எத்தனை மணிக்கு வந்தது, ரத்தம் கையில் இருந்ததா என்று வீடு வரை போய்க் கேட்கிறீர்கள், கலெக்டர் வரை விவாதம் நடக்கிறது. தாய் மரணம் இங்கே குறைந்ததில் அந்தத் தணிக்கைக்குப் பெரிய பங்கு உண்டு. 28 வாரம் தாண்டி வயிற்றிலேயே இறக்கும் குழந்தைக்கு அந்தக் கண்டிப்பை எங்கள் பக்கம் நான் பார்த்ததில்லை.

எங்கள் உறவுக்காரப் பெண் ஒருத்திக்கு நிறைமாதத்தில் அப்படி ஆனது. டிஸ்சார்ஜ் தாளில் ‘ஐயுடி’ என்று மூன்றே எழுத்து, அதாவது கருப்பைக்குள்ளேயே இறந்துவிட்டது என்று. காரணம் கேட்டால், “அடுத்தது நல்லபடியா பொறக்கும்மா.” சுகரா, பிரஷரா, நஞ்சுக்கொடியில் கோளாறா, வளர்ச்சி குறைந்ததை ஸ்கேனில் கவனிக்காமல் விட்டார்களா, எதுவும் தெரியாமலே அவள் அடுத்த கர்ப்பத்துக்குத் தயாராக வேண்டும். இப்படிக் குழந்தை இறந்து பிறப்பதை 1000 பிறப்புக்கு 10க்குக் கீழே கொண்டுவர 2030 வரை கெடு வைத்து 2014இல் மத்திய அரசு திட்டம் போட்டது, சரி, காரணத்தையே எழுதாமல் எதைக் குறைப்பது?

இன்னொன்று, வளைகாப்பு முடிந்ததும் பெண் அம்மா வீட்டுக்குப் போய்விடுவாள். அதுவரை பார்த்த கிராம சுகாதார செவிலியர் ஒருவர், இனி பார்க்கப்போகிறவர் வேறொருவர். கர்ப்பத்தைப் பதிவு செய்யும்போது கொடுக்கும் பிக்மி எண் கூடவே போகும்தான், ஆனால் ‘போன வாரம் பிரஷர் 140ஐத் தாண்டியது, விடாமல் பாருங்கள்’ என்று போன் போட்டுச் சொல்வது யார் பொறுப்பு? ஆபத்து கூடுகிற வாரங்களில்தான் கை மாறுகிறது, அதனால் அந்த ஒப்படைப்பைக் கட்டாயமாக்குங்கள்.

அசைவு குறைந்தால் வீட்டில் “புள்ள தூங்குது, இனிப்பா ஏதாவது சாப்பிடு” என்பார்கள். பாவம், அவர்களுக்கு யார் சொன்னார்கள்? விடியட்டும் என்று இருக்காமல் உடனே கிளம்ப வேண்டும் என்பதை மாமியாரையும் கணவரையும் உட்காரவைத்துச் சொல்லுங்கள். அப்படி ராத்திரியில் ஓடி வருகிறவளை “வலி வந்ததும் வாம்மா” என்று திருப்பி அனுப்பாமல், துடிப்பைக் கேட்டு நேரத்தோடு எழுதிவைக்க ஆள் வேண்டும்.

குழந்தை இறந்து பிறந்தால் மத்திய அரசுப் பெண் ஊழியருக்கு 2022 முதல் 60 நாள் சிறப்பு விடுப்பு உண்டு. திருப்பூரில் பீஸ் ரேட்டுக்குத் தைக்கிறவளுக்கு யார் கொடுப்பது? அது தொழிலாளர் துறைக்கு எழுத வேண்டியது, எழுதுகிறேன்.

அப்புறம், செலவே இல்லாத ஒன்று: குழந்தையைப் பறிகொடுத்தவளுக்குப் பச்சைக் குழந்தைகள் அழுகிற வார்டில் படுக்கை போடாதீர்கள். தனி அறை இல்லையென்றால் வேறு பெண்கள் வார்டிலாவது போடுங்கள்.