மூன்று உடன்பிறப்புகளும் ஓர் அரியணையும்: தமிழில் வரலாற்றுக் காணொளி தயாரிப்போருக்கு ஒரு திறந்த மடல்

தமிழில் வரலாற்றுக் காணொளிகளையும் ஒலித்தொடர்களையும் தயாரித்து வரும் நண்பர்களுக்கு,

வணக்கம். எகிப்தை ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் ஆண்ட தாலமி வம்சத்தைப் பற்றி நீங்கள் வெளியிடுகிறவற்றைத் தொடர்ந்து பார்த்து வருபவன் என்ற முறையில் இம்மடலை எழுதுகிறேன். உங்கள் உழைப்பில் எனக்குக் குறை இல்லை. ஆனால் அந்த வம்சத்தில் அண்ணனும் தம்பியும், அக்காளும் தங்கையும் ஒருவரை ஒருவர் வீழ்த்திக்கொண்ட கதையை நீங்கள் சொல்லும்போது, அது எப்போதும் ஏழாம் கிளியோபாட்ராவின் அழகில் தொடங்கிப் பாம்புக்கடியில் முடிகிறது. இடையில் வரும் கொலைகளெல்லாம் பைத்தியக்காரக் குடும்பமொன்றின் குணக்கேடாகக் காட்டப்படுகின்றன. அந்தச் சண்டைகளுக்கு ஓர் அரசியல் அமைப்பு காரணமாக இருந்தது என்பதும், அதன் விலையை அரண்மனைக்கு வெளியே இருந்தவர்கள் கொடுத்தார்கள் என்பதும் உங்கள் பார்வையாளர்களுக்குச் சொல்லப்படவே இல்லை. கிளியோபாட்ராவைச் சில காலம் ஒதுக்கி வைத்துவிட்டு, அவருக்கு ஒரு நூற்றாண்டுக்கு முந்திய மூன்று உடன்பிறப்புகளின் கதையை எடுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்பதே இம்மடலின் நோக்கம்.

முதலில் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். கி.மு. 323-இல் அலெக்சாந்தர் இறந்தபின் எகிப்தைக் கைப்பற்றிய மாசிடோனியத் தளபதி முதலாம் தாலமிக்கு ஒன்றுக்கு மேற்பட்ட மனைவியர் இருந்தனர். மூத்த மகனுக்கே முடி என்ற உறுதியான விதி இருக்கவில்லை. அவர் மூத்தவனாகிய கெரௌனோஸை விலக்கிவிட்டு இன்னொரு மனைவியின் மகனுக்கு ஆட்சியைக் கொடுத்தார். அந்த இரண்டாம் தாலமி தன் உடன்பிறந்த அக்காள் அர்சினோவேயையே மணந்து, இருவரையும் ‘உடன்பிறந்த தெய்வங்கள்’ என்று வழிபட வைத்தார். வெளியிலிருந்து மாமனார் மைத்துனர் என்று எவரும் ஆட்சிக்குள் நுழைய முடியாதபடி இந்த மணமுறை தடுத்தது என்பது உண்மை. ஆனால் அரசியும் அரச குருதியே என்றாகிவிட்டதால், அவளைத் தன் பக்கம் வைத்திருப்பவனே முழுமையான அரசன் என்ற நிலையும் அதனுடனே வந்தது. தனக்கும் உரிமை உண்டு என்று அவளே நினைக்கத் தொடங்கினால் அதை மறுக்க எவரிடமும் வலுவான வாதம் இருக்கவில்லை.

இது அரண்மனைச் சுவர்களுக்குள் நின்றுவிட்ட விஷயமும் அன்று. கிராமத்தில் ஒருவர் கோதுமைக் கடன் பத்திரம் எழுதினாலும், அது யார் யார் ஆட்சியில், எத்தனையாவது ஆண்டில் என்றே தொடங்க வேண்டும். இன்று வரலாற்றாசிரியர்கள் அந்த வம்சத்தின் சண்டைகளை நாள் கணக்கில் பின்தொடர முடிகிறதென்றால், பத்திரங்களின் முதல் வரியில் ஒரு பெயர் சேர்வதும் இன்னொரு பெயர் மறைவதும்தான் அவர்களுக்கு வழிகாட்டி.

இனி அந்த மூவர். ஐந்தாம் தாலமி கி.மு. 180-இல் இறந்தபோது ஆறாம் தாலமி, இரண்டாம் கிளியோபாட்ரா, பின்னாளில் எட்டாம் தாலமி எனப்பட்ட இளையவன் ஆகிய மூவரும் சிறு பிள்ளைகள். பொறுப்பேற்று ஆண்ட தாயும் சில ஆண்டுகளில் இறந்துவிட, மூத்த மகனும் மகளும் மணமக்களாக்கப்பட்டனர். கி.மு. 170-இல், சிரியாவுடன் போர் நெருங்கிய வேளையில், மூவரும் கூட்டாக ஆள்வதாக அறிவித்து ஆட்சியாண்டையே மறுபடி ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கினார்கள். ஒற்றுமையைக் காட்டச் செய்த இந்த ஏற்பாடே, மூவருக்கும் தனித்தனியே அரியணை உரிமை உண்டு என்று எழுதிக் கொடுத்ததாக முடிந்தது. சிரிய மன்னன் நான்காம் அந்தியோக்கஸ் படையெடுத்து வந்து மூத்தவனைத் தன் பிடியில் வைத்துக்கொண்டதும், தலைநகர் அலெக்சாந்திரியாவின் மக்கள் இளையவனை அரசனாக்கினர். உடனே அந்தியோக்கஸ், தான் மூத்தவனின் உரிமையைக் காக்க வந்தவன் என்று சொல்லிக்கொண்டு நகரை முற்றுகையிட்டான். அண்ணன் தம்பியரைச் சேர்த்து வைக்க இடையில் நின்றவர்களில் முதன்மையானவள் அந்தச் சகோதரி.

கி.மு. 168-இல் அந்தியோக்கஸ் மறுபடியும் வந்தபோது, ரோமானியத் தூதர் போப்பிலியஸ் லேனாஸ் அவனைச் சுற்றி மணலில் கோலால் வட்டம் வரைந்து, அதைவிட்டு வெளியே வருமுன் பதில் சொல்லச் சொன்ன காட்சியை நீங்கள் எல்லோரும் மிக ரசித்துச் சொல்கிறீர்கள். அது ரசிக்கத்தக்க காட்சிதான். ஆனால் அதற்கு முன் நகரை முற்றுகையிட அந்தியோக்கஸ் காரணம் காட்டியது அந்த வீட்டுச் சண்டையையே என்பதைச் சேர்த்துச் சொன்னவர் எவரையும் நான் கேட்கவில்லை. அதே நிகழ்ச்சிக்கு எகிப்தியர் ஒருவரின் சாட்சியமும் உண்டு. ஹோர் என்ற கோயில் பணியாளர், அந்தியோக்கஸ் நாட்டைவிட்டுப் போய்விடுவான் என்று தாம் கண்ட கனவையும், அவன் போன நாளையும் பானை ஓடுகளில் எழுதி வைத்தார். சக்காராவில் கிடைத்த அந்த ஓடுகளின் கணக்குப்படி அது கி.மு. 168 ஜூலை 30. ரோமானியரின் வீரத்தைப் புகழும் ஏட்டைவிட இந்த உடைந்த ஓடு எனக்கு முக்கியமாகப் படுகிறது.

நான்கே ஆண்டுகளில் இளையவன் மூத்தவனைத் துரத்திவிட்டான். அப்போது நடந்ததைக் கிரேக்க வரலாற்றாசிரியர் டயடோரஸ் சொல்கிறார்: ஆறாம் தாலமி ஓர் அலியையும் மூன்று அடிமைகளையும் மட்டும் கூட்டிக்கொண்டு ரோமுக்குப் போய், அலெக்சாந்திரியாவில் தம் விருந்தினராக இருந்த தெமெத்ரியஸ் என்ற ஓவியரைத் தேடிப்பிடித்து, அவருடைய மாடியறையில் தங்கினார். அது குறுகலான, வசதியற்ற அறை. ரோமில் வீட்டு வாடகை அவ்வளவு அதிகம். எகிப்தின் அரசன் வாடகை மிகுந்த ஊரில் நண்பரின் சின்ன அறையில் ஒண்டிக்கொண்டது இல்லாமையால் வந்த நிலையா, இரக்கத்தைப் பெறப் போட்ட வேடமா? இரண்டாவதற்கே வாய்ப்பு அதிகம் என்பது என் எண்ணம். ஒரு காணொளி இந்த அறையிலிருந்து தொடங்கினால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நான் பலமுறை நினைத்திருக்கிறேன்.

கி.மு. 163-இல் அலெக்சாந்திரியா மக்களே அவரைத் திரும்ப அழைத்தார்கள். எகிப்தும் சைப்ரஸும் அண்ணனுக்கு, இன்றைய லிபியாவின் கிழக்கிலுள்ள சைரீன் தம்பிக்கு என்று பாகப்பிரிவினை நடந்தது. தம்பிக்குச் சைப்ரஸும் வேண்டும். இப்போது ரோமுக்கு நடையாய் நடப்பது அவன் முறை. தன்னைக் கொல்ல முயற்சி நடந்ததாகச் சொல்லி, கி.மு. 155-இல் அவன் ஓர் உயில் எழுதிக் கல்லில் பொறித்தான்: வாரிசின்றி இறந்தால் தன் ஆட்சிப்பகுதி ரோமானியருக்கே சேரும். சைரீனில் கண்டெடுக்கப்பட்ட அந்தக் கல்லைப் பைத்தியக்காரத்தனம் என்று நீங்கள் சொல்லக்கூடும். நான் அதைக் கூர்மையான தற்காப்பு என்பேன். தம்பியைக் கொன்றால் அண்ணனுக்குச் சைரீன் கிடைக்காது, எல்லையில் ரோம்தான் வந்து உட்காரும் என்றாகிவிட்டது. மறு ஆண்டு ரோமானிய செனட்டுக்குப் போய் உடலிலிருந்த தழும்புகளையும் அவன் காட்டினான். பின்னர் சைப்ரஸில் அவன் பிடிபட்டபோது அண்ணன் கொல்லவில்லை. சைரீனையே திரும்பக் கொடுத்து, தம் மகளையும் மணமுடித்துத் தருவதாகச் சொன்னார். பாசத்தோடு ரோமைப் பற்றிய அச்சமும் அந்தப் பெருந்தன்மையில் கலந்திருந்தது.

கி.மு. 145-இல் ஆறாம் தாலமி சிரியப் போரில் காயமுற்று இறந்தார். தம்பி திரும்பி வந்து, அண்ணன் மனைவியும் தன் அக்காளுமான இரண்டாம் கிளியோபாட்ராவை மணந்தான். திருமண நாளிலேயே அவள் மகனைத் தாயின் கைகளில் வைத்துக் கொன்றான் என்ற செய்தியை நீங்கள் தயக்கமின்றிச் சொல்கிறீர்கள். அதைச் சொல்லும் ஜஸ்டின் பல நூற்றாண்டுகளுக்குப் பின் வந்தவர். வேறொருவரின் பெரிய நூலைச் சுருக்கியவர். இந்த அரசனை வெறுத்த மரபிலிருந்து எடுத்து எழுதியவர். ‘ஜஸ்டின் சொல்கிறபடி’ என்று இரண்டு சொற்களைச் சேர்ப்பதால் கதையின் விறுவிறுப்பு குறைந்துவிடாது. அலெக்சாந்திரியாவின் அறிஞர்கள் அவன் காலத்தில் சிதறிப் போனது பற்றிய செய்தி இதைவிட உறுதியானது. இலக்கண ஆசிரியர்கள், மருத்துவர்கள், ஓவியர்கள் எனப் பலரும் பிழைப்புக்காகப் பிற ஊர்களில் பாடம் சொல்லிக் கொடுக்க, அந்த ஊர்கள் கல்வியில் உயர்ந்தன என்று பழைய எழுத்தாளர் ஒருவர் குறித்திருக்கிறார். விந்தை என்னவென்றால், அறிஞர்களை விரட்டிய அதே அரசன் தன் நினைவுக் குறிப்புகளை 24 தொகுதிகளாக எழுதியவன்.

சில ஆண்டுகளில் அக்காளின் மகள் மூன்றாம் கிளியோபாட்ராவையும் அவன் மணந்தான். அக்காளை விலக்கவும் இல்லை. அதன்பின் பத்திரங்கள் ‘சகோதரியாகிய கிளியோபாட்ரா, மனைவியாகிய கிளியோபாட்ரா’ என்று இரண்டு அரசியரைக் குறிக்கத் தொடங்கின. கி.மு. 132-131-இல் உள்நாட்டுப் போர் மூண்டது. அலெக்சாந்திரியா மக்கள் மூத்தவளின் பக்கம் நின்று அரசனைச் சைப்ரஸுக்கு விரட்டினர்; அவள் தனியாக முடிசூடிப் புதிய ஆட்சியாண்டைத் தொடங்கினாள். அவளுக்குத் தன் மூலம் பிறந்த மெம்பிட்டஸ் என்ற சிறுவனை அவன் கொன்று, உடலைத் துண்டுகளாக்கிப் பெட்டியில் வைத்துத் தாயின் பிறந்தநாளையொட்டி அனுப்பினான் என்று டயடோரஸும் ஜஸ்டினும் ஒரே குரலில் சொல்கிறார்கள்.

பெட்டியின் கதை உங்கள் எல்லோருக்கும் தெரியும். எஸ்த்லாதஸ் என்ற படைவீரன் அதே போரின்போது, கி.மு. 130-இல், பெற்றோருக்கு எழுதிய கடிதம் தெரியுமா? கவலைப்படாமல் தைரியமாக இருங்கள், சகோதரிகளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று எழுதிவிட்டு, அரசனின் தளபதி பாவோஸ் போதிய படையுடன் ஆற்றில் மேலேறி வருகிறார், தெற்கு எகிப்திலுள்ள ஹெர்மோந்திஸ் ஊர் மக்களைக் கலகக்காரர்களாகவே நடத்தப் போகிறார் என்ற செய்தியையும் அவன் சேர்த்திருக்கிறான். தம்பியும் அக்காளும் போட்ட சண்டையில் பக்கத்து ஊர்க்காரர்கள் திடீரென்று எதிரிகளாகிவிட்டதை, வீட்டு நலம் விசாரிக்கும் கடிதத்தின் நடுவில் இப்படிப் பார்க்க முடிகிறது.

முடிவு இன்னும் விசித்திரம். போரில் தோற்றுச் சிரியாவுக்கு ஓடிய அக்காள் திரும்பி வந்து சமரசமாகி, மூவரும் மீண்டும் கூட்டாக ஆண்டார்கள். கி.மு. 118-இல் மூவர் பெயராலும் வெளிவந்த பொதுமன்னிப்பு ஆணை நமக்குக் கிடைத்த விதமே தனிக்கதை. 1900-ஆம் ஆண்டு எகிப்தின் தெப்துனிஸ் என்ற பழைய ஊரில் மனிதக் கல்லறைகளைத் தேடித் தோண்டியவர்களுக்கு முதலை மம்மிகளாகவே கிடைத்துக்கொண்டிருக்க, சலித்துப்போன ஒரு தொழிலாளி அவற்றில் ஒன்றை உடைத்தார். அதைச் சுற்றியிருந்ததெல்லாம் எழுதப்பட்ட பாப்பிரஸ் தாள்கள். அப்படி முதலைகளிலிருந்து வந்த ஆவணங்களில் ஒன்றுதான் இந்த ஆணை. கொலையாளிகளும் கோயில் கொள்ளையரும் நீங்கலாக மற்றவர்களுக்கு மன்னிப்பு. வரி பாக்கி தள்ளுபடி. இடிந்தும் எரிந்தும் போன வீடுகளை மறுபடி கட்டிக்கொள்ள அனுமதி. அதிகாரிகள் மக்களிடம் பணம் பறிக்கத் தடை. எதையெல்லாம் தடை செய்தார்கள் என்று படித்தாலே எதெல்லாம் நடந்துகொண்டிருந்தது என்று விளங்கிவிடும். அரைநூற்றாண்டுக்கு மேல் இந்த எல்லாச் சுழல்களிலும் இருந்து, தம்பியையும் தாண்டி வாழ்ந்ததாகத் தோன்றும் இரண்டாம் கிளியோபாட்ராவுக்குத் தமிழில் ஒரு முழுக் காணொளியை நான் இதுவரை பார்த்ததில்லை.

அடுத்த தலைமுறையில் தாய்க்கும் இரு மகன்களுக்கும் இடையிலும், சிரியாவில் மணம்புரிந்த மகள்களுக்கு இடையிலும் இதே ஆட்டம் தொடர்ந்தது. ஏழாம் கிளியோபாட்ரா தம்பியோடும் தங்கை அர்சினோவேயோடும் மோதியபோது அவர் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. ரோமை நடுவராக அழைப்பது அதற்குள் குடும்ப வழக்கமாகியிருந்தது.

நம் பக்கத்துக்கும் இதில் ஒரு சிறு தொடர்பு உண்டு. எட்டாம் தாலமியின் கடைசி ஆண்டுகளில், செங்கடல் கரையில் குற்றுயிராகக் கிடைத்த இந்தியர் ஒருவர் வழிகாட்ட, யூடோக்சஸ் என்பவர் கடல்வழியாக இந்தியா சென்று நறுமணப் பொருள்களோடும் மணிகளோடும் திரும்பினார் என்று கிரேக்க நிலவியலாளர் ஸ்திராபோ எழுதுகிறார். சரக்கு முழுவதையும் அரசன் பறித்துக்கொண்டான். அவன் இறந்தபின் மூன்றாம் கிளியோபாட்ரா மறுபடி அனுப்ப, திரும்பி வந்தபோது அவள் மகன் பறித்துக்கொண்டான். அந்த வழிகாட்டி இந்தியாவில் எந்தப் பகுதியைச் சேர்ந்தவர் என்று ஸ்திராபோ சொல்லவில்லை. தயவுசெய்து அவரைத் தமிழராக்கிவிடாதீர்கள்.

உங்களிடம் நான் கேட்பவை பெரிய செலவு பிடிப்பவை அல்ல. ஒவ்வொரு கொலையையும் சொல்லும்போது அதை யார், எவ்வளவு காலம் கழித்து எழுதினார் என்று ஒரு வரியில் சொல்லுங்கள். அலெக்சாந்திரியாவைக் காட்டும் இடத்தில் பிரமிடுகளை வைக்காதீர்கள். பெரிய பிரமிடு கட்டப்பட்டு இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேலான பின்னரே அந்த நகரம் எழுந்தது.

கடைசியாக, உடனடியாகச் செய்யக்கூடிய ஒன்று. இன்றைய துருக்கியிலுள்ள எபேசஸ் நகரின் எண்கோணக் கல்லறையில் 1929-இல் எடுக்கப்பட்ட மண்டையோடு ஏழாம் கிளியோபாட்ராவின் தங்கை அர்சினோவேயுடையது என்று சொல்லி, அதைக்கொண்டு வரைந்த பெண் முகத்தையும் உங்களில் பலர் காட்டியிருக்கிறீர்கள். 2025-இல் வெளியான வியன்னா பல்கலைக்கழக ஆய்வு, மரபணுச் சோதனையின் வழியே அது 11 முதல் 14 வயதுக்குட்பட்ட ஒரு சிறுவனுடையது என்று நிறுவிவிட்டது. அக்கா கொல்லச் சொன்ன தங்கையின் முகம் என்று ஏதோ ஒரு பையனின் எலும்பைக் காட்டும் அந்தப் பகுதிகளை நீக்கிவிடுங்கள். நீக்க இயலாவிட்டால், காணொளிக்குக் கீழே உள்ள விவரக்குறிப்பின் முதல் வரியிலேயே திருத்தத்தைச் சேர்த்துவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் பார்வையாளர்களில் ஒருவன்