ஹல்க் 181 வாங்குவதற்கு முன்

அன்புள்ள சேகர்,

கடிதமும் படங்களும் கிடைத்தன. நீ வாங்க நினைக்கிற காமிக்ஸ், மார்வெலின் இன்க்ரெடிபிள் ஹல்க் 181, நவம்பர் 1974. வோல்வரின் என்ற சூப்பர்ஹீரோ முழுசாக வந்து சண்டை போடும் முதல் இதழ். 180-இன் கடைசிப் பக்கத்தில் ஒரே ஒரு கட்டத்தில் வந்து நிற்பான். ஆசைப்படுவதில் தப்பில்லை. ஆனால் விற்கிறவர் அனுப்பிய மூன்று படமும் அட்டையாகவே இருக்கிறதே, அதுதான் உறுத்துகிறது. இந்த இதழில் வில்லங்கம் உள்ளேதான் இருக்கும்.

முதலில் வாசகர் கடிதப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பச் சொல். 1974-இல் மார்வெல் ‘வேல்யூ ஸ்டாம்ப்’ என்று தபால்தலை மாதிரிச் சின்னக் கட்டங்களை அச்சடிக்க ஆரம்பித்தது; பிள்ளைகள் கத்தரித்துப் புத்தகத்தில் ஒட்டிச் சேர்ப்பதற்கு. 181-இல் வருவது 54-ஆம் எண், ஷானா என்ற கதாபாத்திரத்தின் படம். அது கத்தரிக்கப்பட்டிருந்தால், அட்டை எவ்வளவு பளபளத்தாலும் விலை சடாரென்று இறங்கிவிடும். இன்னொரு பிரதியிலிருந்து ஸ்டாம்பை எடுத்து ஒட்டி விற்பதும் உண்டு. பக்கத்தை விளக்குக்கு எதிரே பிடித்தால் ஒட்டு போட்ட நாலு ஓரமும் கோடாகத் தெரியும்.

அடுத்து தாள்களை எண்ணு. எட்டுத் தாளை நடுவில் மடித்துப் பின் அடித்த இதழ் இது. பதினாறு இலை, 32 பக்கம், அட்டை தனி. ஓர் இலை குறைந்தால் அதன் ஜோடி இலை பின்னில் நிற்காமல் ஆடும். நடுத்தாள் இரண்டு பின்னிலும் பிடித்திருக்கிறதா, பின்னைச் சுற்றித் துருக்கறை தாளில் இறங்கியிருக்கிறதா என்றும் பார். துரு ஏறிய பழைய பின்னே பளிச்சென்ற பின்னைவிடப் பரவாயில்லை என்பேன். ஐம்பது வருஷத் தாளில் புதுப் பின் இருந்தால் யாரோ பிரித்துப் போட்டிருக்கிறார்கள்.

முதுகில் மடிப்பு விழுந்த இடத்தில் மை உதிர்ந்து வெள்ளைக்கோடு தெரியும். அதை ஸ்கெட்ச் பேனாவால் மறைப்பார்கள். வெளியே தெரியாது, அட்டையின் உள்பக்கத்தைப் பார்த்தால் மை ஊறியிருக்கும். ஓரத்தை நறுக்கிச் சுத்தமாக்குவது இன்னொரு வேலை. அதே மாதத்து வேறொரு மார்வெல் இதழை மேலே வைத்துப் பார்; அரைக்கால் அங்குலம் குறைந்தாலும் காட்டிக்கொடுத்துவிடும்.

தரம் பார்க்கும் நிறுவனம் மதிப்பெண் போட்டு பிளாஸ்டிக் உறையில் அடைத்த பிரதி என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாமா என்று கேட்டிருந்தாய். 2023 கடைசியில், உறையைப் பிரித்து மட்டமான பிரதியை உள்ளே மாற்றிவைத்து விற்ற விவகாரம் வெளியே வந்தது. உறையின் விளிம்பைப் பார், சான்றிதழ் எண்ணுக்கு உரிய படத்தோடு பிரதியை ஒப்பிட்டுப் பார்.

கைக்கு வந்தபின் மைலார் (பாலியெஸ்டர் தாள்) உறை, பின்னால் அமிலமில்லாத அட்டை, நிமிர்த்தி வைக்க ஒரு பெட்டி. செய்தித்தாள் காகிதத்தில் இருக்கும் லிக்னின் என்ற மரப்பொருள்தான் பழுப்பாக்குகிறது. வெளிச்சமும் வெக்கையும் அதை முடுக்கிவிடும். உங்கள் ஊர் கடற்காற்றுக்கு சிலிக்கா ஜெல் கட்டாயம் வேண்டும். ஈரம் இருந்தால் ராமபாணப் பூச்சியும் வந்துவிடும். செல்லோ டேப், ரப்பர் பேண்ட், லேமினேஷன் மூன்றும் வேண்டாம்.

உன் நண்பர் ஆக்‌ஷன் காமிக்ஸ் 1 (சூப்பர்மேன் முதலில் வந்த இதழ்) கிடைத்தது என்கிறாரே, அவரை அடிஸ்கேலால் உயரத்தை அளக்கச் சொல். 1974-இல் டிசி அதைப் பெரிய அளவில் மறுஅச்சு போட்டது. வெளி அட்டையைக் கழற்றிவிட்டால் உள்ளே அசல் அட்டையின் நகல் அப்படியே இருக்கும். 1938 அசல் பத்து அங்குலத்துக்குச் சற்று மேல். மறுஅச்சு பதின்மூன்றுக்கு மேல்.

அந்த அசலில் ஒரு பிரதி 2024-இல் 60 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. சூப்பர்மேனை உருவாக்கிய ஜெர்ரி சீகலும் ஜோ ஷூஸ்டரும் அதன் உரிமையை விற்றது 130 டாலருக்கு. வேறு வேலைக்கான கூலியும் சேர்த்து 412 டாலருக்கு வந்த காசோலையில் இருவர் பெயரும் எழுத்துப் பிழையோடு இருந்தது. பணமாக்குவதற்காகப் பின்பக்கத்தில் பிழையாக ஒரு தரம், சரியாக ஒரு தரம் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். 2012-இல் அந்தக் காசோலையே 1,60,000 டாலருக்குப் போனது. 1975-இல்தான் இருவருக்கும் ஆண்டுக்கு 20,000 டாலர் ஓய்வூதியமும், ‘உருவாக்கியவர்கள்’ என்ற பெயரும் கிடைத்தன. நடுவில் சீகல் பிழைப்புக்கு எழுதியவற்றில் ஒன்று என்ன தெரியுமா? பிரிட்டனின் லயன் வார இதழுக்காக ஸ்பைடர் கதைகள். ஆமாம், நம் தமிழ் லயன் காமிக்ஸில் வந்த அதே ஸ்பைடர்தான்.

வோல்வரினை உருவாக்கியவர் யார் என்பதிலும் சண்டை ஓயவில்லை. எழுதியது லென் வைன், உடையை வடிவமைத்தது ஜான் ரொமிட்டா, 181-ஐ வரைந்தது ஹெர்ப் டிரிம்ப். கனடாக்காரனாக இருக்கட்டும் என்று சொன்னவர் ஆசிரியர் ராய் தாமஸ். 2024-இல் வந்த ‘டெட்பூல் & வோல்வரின்’ படத்தில் உருவாக்கியவர்களோடு தாமஸ் பெயரும் சேர்ந்தபோது, 2017-இல் காலமான வைனின் மனைவி வெளிப்படையாக எதிர்த்தார். எனக்கு வைன் பக்கம்தான் மனசு. யோசனை சொல்வது வேறு, பக்கம் பக்கமாக எழுதி உருட்டுவது வேறு.

வாசகர் கடிதப் பக்கம், நடுத்தாள், அட்டையின் உள்பக்கம், இந்த மூன்று படமும் வரட்டும். அதுவரை முன்பணம் கொடுக்காதே.

அன்புடன்,
முருகேசன்