ஜூலை 1 அன்று கரும்பலகையில் ராயபுரத்தையும் எழுதுங்கள்

வடசென்னைப் பள்ளிகளின் தலைமையாசிரியர்களுக்கும், காலை வணக்கக் கூட்டத்துக்கு முன்னால் கரும்பலகையில் 'வரலாற்றில் இன்று' எழுதிப்போடும் ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

நான் ராயபுரம் கல்மண்டபத்தில் குடியிருப்பவன். மத்திய அரசு வேலையில் முப்பத்தாறு வருஷம் இருந்து ஓய்வு பெற்றவன். என் பேத்தி ஏழாம் வகுப்பு படிக்கிறாள். போன ஜூன் மாதம் கடைசி நாள் சாயங்காலம், "தாத்தா, நாளைக்கு ப்ரேயர்ல நான்தான் வரலாற்றில் இன்று படிக்கணும்" என்று நோட்டோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். போனைப் பார்த்து ஒரு பக்கம் எழுதி வைத்திருந்தாள். 1867, கனடா நாடு உருவான நாள். 1916, சோம் போர் தொடங்கிய நாள். 1961, இளவரசி டயானா பிறந்த நாள். 1997, ஹாங்காங் சீனாவிடம் திரும்பிய நாள். கடைசி வரியில், தேசிய மருத்துவர் நாள்.

எல்லாம் சரியான தகவல்தான். எழுத்துப் பிழைகூட இல்லை. "ஏன் கண்ணு, நம்ம ஸ்டேஷனைக் காணோம்?" என்று கேட்டேன்.

"எந்த ஸ்டேஷன்?"

தினமும் அந்த வழியாகப் போய் வருகிற பிள்ளை. அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் சரியாக வரவில்லை. அதனால்தான் இந்த மடல்.

1856 ஜூலை 1 அன்று தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ராயபுரத்திலிருந்துதான் புறப்பட்டது. மெட்ராஸ் ரயில்வே கம்பெனி போட்ட பாதை அது, வாலாஜா ரோடு வரைக்கும், சுமார் 100 கிலோமீட்டர். இந்தியாவில் அதற்கு முன்னால் பயணிகள் ரயில் ஓடத் தொடங்கியிருந்த இடங்கள் இரண்டுதான்: 1853-ல் பம்பாயிலிருந்து தாணேவுக்கு, 1854-ல் ஹவுராவிலிருந்து ஹூக்ளிக்கு. மூன்றாவது நாம். பம்பாய் போரிபந்தரிலும் தாணேயிலும் அன்றைக்கு இருந்த ஸ்டேஷன் கட்டடங்கள் இப்போது இல்லை. நம்முடையது நிற்கிறது. இந்தத் துணைக்கண்டத்தில் இன்னும் நின்றுகொண்டிருக்கும் ஸ்டேஷன் கட்டடங்களில் மிகப் பழையது நம் ராயபுரம் கட்டடம்தான். சென்ட்ரல் வந்ததே 1873-ல். அதுவரை இந்த ஊருக்கு ரயிலில் வந்து இறங்கியவர்கள் ராயபுரத்தில்தான் இறங்கினார்கள். இதைச் சொல்லிக்கொடுக்க எந்தப் பிள்ளையையும் பஸ் ஏற்றிக் கூட்டிப்போக வேண்டியதில்லை, நடந்தே போகலாம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். உயரமான தூண் ஒன்றின் அடியில் போய் நின்றாள். உள்ளங்கையை வைத்து அழுத்திப் பார்த்தாள், ஏதோ சூடு இருக்கிறதா என்று பார்ப்பதுபோல. கும்மிடிப்பூண்டி வண்டி ஒன்று ஊதிக்கொண்டு போனது. "தாத்தா, இது போன்ல ஏன் வரல?" என்று கேட்டாள். "போன்ல யாராவது போட்டாத்தானே கண்ணு வரும்" என்றேன். எனக்குத் தெரிந்த பதில் அதுதான்.

ஆசிரியர்களே, இந்த ஸ்டேஷனுக்கு இரண்டு தேதி சொல்வார்கள். ஆளுநர் ஹாரிஸ் பிரபு வந்து திறந்துவைத்தது ஜூன் 28. பொதுமக்களுக்கு வண்டி ஓடத் தொடங்கியது ஜூலை 1. எது சரி என்று பிள்ளைகள் கேட்பார்கள். கேட்கட்டும். ரிப்பன் வெட்டுகிற நாளும் ஜனங்கள் டிக்கெட் வாங்கி ஏறுகிற நாளும் வேறு வேறு என்பதை ஒரு பன்னிரண்டு வயதுப் பிள்ளை ராயபுரத்தை வைத்தே புரிந்துகொள்ளும். என்னைக் கேட்டால் ஜூலை 1-ஐத்தான் எழுதச் சொல்வேன். ஜனங்கள் ஏறிய நாள் அது.

அதே தேதி இன்னொரு இடத்திலும் இருக்கிறது. ராஜாஜி சாலையில், கடற்கரை ஸ்டேஷனிலிருந்து கொஞ்ச தூரத்தில், சிவப்புச் செங்கல்லில் ஓர் அரண்மனை மாதிரி நிற்கிறதே ஸ்டேட் பாங்க், அது பழைய பாங்க் ஆஃப் மெட்ராஸின் கட்டடம். கட்டியவர் நம்பெருமாள் செட்டியார், ஹைகோர்ட்டைக் கட்டிய அதே கை. பாங்க் ஆஃப் மெட்ராஸ் தொடங்கியது 1843 ஜூலை 1. அது 1921-ல் பம்பாய், வங்காள வங்கிகளோடு சேர்ந்து இம்பீரியல் பாங்க் ஆனது. இம்பீரியல் பாங்க் 1955-ல் ஸ்டேட் பாங்க் ஆனது, அதுவும் ஜூலை 1 அன்றுதான். ஒரே வங்கிக்கு நூற்றுப்பன்னிரண்டு வருஷ இடைவெளியில் ஒரே தேதியில் இரண்டு பிறந்தநாள். கணக்கு வாத்தியாருக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்குமா?

மருத்துவர் நாள் விஷயத்துக்கு வருகிறேன். பேத்தியின் நோட்டில் அது வெறும் ஒரு வரி. பி.சி. ராய் என்ற மருத்துவர், மேற்கு வங்க முதலமைச்சராகவும் இருந்தவர், 1882 ஜூலை 1-ல் பிறந்து 1962 ஜூலை 1-லேயே இறந்தார். அவர் நினைவாகத்தான் அந்த நாள். அதைச் சொல்லிவிட்டு, ஸ்டான்லி ஆஸ்பத்திரியையும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். 1782 பஞ்சத்தில் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரத்தில் வேர் விட்ட ஆஸ்பத்திரி அது. எங்கள் வீட்டுப் பெரியவர்கள் கடைசிவரை 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி' என்றுதான் சொன்னார்கள். உங்கள் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளில் எத்தனையோ பேர் ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். பிரசவ ஆஸ்பத்திரியில் பிறந்தவர்கள்தான். மருத்துவர் நாள் அவர்களுக்கு அவர்கள் பிறந்தநாளைப் போல நெருக்கமானது.

தூரத்து விஷயமே வேண்டாம் என்று நான் சொல்வதாக நினைத்துவிடாதீர்கள். எனக்கு மிகவும் பிடித்த ஜூலை 1, லண்டனில் நடந்தது. ராயபுரத்தில் ரயில் ஓடிச் சரியாக இரண்டு வருஷம் கழித்து, 1858 ஜூலை 1, லின்னேயன் என்ற அறிவியல் சங்கத்தில் டார்வினும் வாலஸும் தனித்தனியாகக் கண்டுபிடித்த இயற்கைத் தேர்வைப் பற்றிய கட்டுரைகள் வாசிக்கப்பட்டன. உயிர்கள் எப்படி மாறி வந்தன என்று உலகத்துக்குச் சொன்ன கூட்டம். அந்தக் கூட்டத்தில் இரண்டு பேருமே இல்லை. வாலஸ் மலாய்த் தீவுகளில் இருந்தார். டார்வின் வீட்டில் இருந்தார். மூன்று நாள் முன்னால், ஜூன் 28 அன்று, அவருடைய ஒன்றரை வயதுக் குழந்தை காய்ச்சலில் இறந்துபோயிருந்தது. பேத்திக்கு இதைச் சொன்னபோது அவள் வேறெதையும் கேட்கவில்லை, "பாப்பா பேர் என்ன?" என்றுதான் கேட்டாள். சார்லஸ், அப்பாவின் பேர்தான்.

அந்த இரண்டையும் அவள் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள், ராயபுரத்து ரயிலையும் அந்தக் கூட்டத்தையும். தூரத்து விஷயம் பிள்ளையின் மனதில் உட்கார வேண்டுமென்றால் பக்கத்தில் தெரிந்தது ஒன்று இருக்க வேண்டும். டயானா, ஹாங்காங், கனடா என்று ஐந்து வரி அடுக்கினால் ஒன்றும் ஒட்டாது. மணி அடித்ததும் அழித்துவிடுவார்கள்.

இனி பிறந்தநாள். சான்றிதழ்படி என் பிறந்தநாளும் ஜூலை 1 தான், 1955. ஸ்டேட் பாங்க் பிறந்த அன்றைக்கே. ஆனால் நான் அன்றைக்குப் பிறக்கவில்லை.

1960-ல் நைனா என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கக் கூட்டிப்போனார். ஹார்பரில் மூட்டை தூக்கும் வேலை அவருக்கு, அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்திருந்தார். ஹெட்மாஸ்டர் என் வலது கையைத் தலைக்கு மேலே வளைத்து இடது காதைத் தொடச் சொன்னார். எட்டவில்லை. தலையைக் கொஞ்சம் சாய்த்துக்கொண்டு தொட்டுவிட்டேன். "என்னிக்குப் பொறந்தான்?" என்று கேட்டார். "ஐப்பசி மழைங்கய்யா, தீபாவளிக்கு முந்தின வாரம்" என்றார் நைனா. "இங்கிலீஷ் தேதி சொல்லுய்யா." நைனா கூரையைப் பார்த்தார். ஹெட்மாஸ்டர் பேனாவை மையில் தொட்டு, "ஜூலை ஒண்ணுன்னு போட்டுக்கறேன்" என்று எழுதினார். ஐப்பசியில் பிறந்தவன் ஆனியில் பிறந்தவனாகிவிட்டேன். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. சேர்த்துக்கொண்டாரே, அது போதும். எங்கள் தலைமுறையில் ஜூன், ஜூலை பிறந்தநாள்காரர்கள் இத்தனை பேர் இருப்பதற்கு இதுதான் காரணம். பள்ளிக்கூடம் திறக்கிற மாதத்தில் எங்களையெல்லாம் மறுபடி பெற்றெடுத்தார்கள்.

அந்த ஒரு வரிக்கு விலையும் இருந்தது. மத்திய அரசு வேலையில், மாதம் முதல் தேதி பிறந்தவர் அதற்கு முந்தின மாதம் கடைசி நாளிலேயே ஓய்வு பெற வேண்டும். வருடாந்திரச் சம்பள உயர்வோ அப்போதெல்லாம் ஜூலை 1 அன்று வரும். ஆக, வருஷம் முழுக்க வேலை பார்த்து உழைத்த உயர்வு, 2015 ஜூன் 30 சாயங்காலம் நான் மாலையும் கழுத்துமாக வெளியே வந்தபோது ஒரு ராத்திரியில் கை நழுவியது. என்னைப்போல ஜூன் 30-ல் ஓய்வு பெற்ற ஒருவர் நம்ம ஹைகோர்ட்டுக்குப் போனார். 2017-ல் அந்த உயர்வைப் பென்ஷனுக்குக் கணக்கில் எடுக்க வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. 2023-ல் உச்ச நீதிமன்றமும் வேறொரு வழக்கில் ஊழியர்கள் பக்கமே நின்றது. ஒரு தேதி எவ்வளவு கனம் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

இதே ஜூலை 1-ஐச் சான்றிதழில் சுமந்த இன்னொருவர் கல்பனா சாவ்லா. அவர் பிறந்தது 1962 மார்ச் 17. மெட்ரிகுலேஷன் தேர்வு எழுத வயது போதவில்லை என்று 1961 ஜூலை 1 என மாற்றிப் போட்டார்கள். விண்வெளிக்குப் போனவருக்கும் அதே கதை. ஏன், சீனக் கம்யூனிஸ்ட் கட்சி ஜூலை 1-ஐத்தான் தொடக்க நாளாகக் கொண்டாடுகிறது. அவர்களுடைய முதல் மாநாடு ஷாங்காயில் தொடங்கியது 1921 ஜூலை 23. பின்னால் யாருக்கும் தேதி சரியாக நினைவில்லாமல் மாதத்தின் முதல் நாளை வைத்துக்கொண்டார்கள். எங்கள் ஹெட்மாஸ்டர் செய்ததும் அதேதான்.

ஆகவே நான் கேட்பது இது. வரும் ஜூலை 1 அன்று பலகையில் இரண்டே வரி எழுதுங்கள், ஒன்று ராயபுரம், இன்னொன்று தூரத்தில் நடந்தது எதுவானாலும். அன்றைக்குச் சாயங்காலம் வீட்டில் இருக்கும் மிக வயதானவரிடம் போய், "ஆயா, நீ நெஜமா என்னிக்குப் பொறந்த?" என்று கேட்டு எழுதிவரச் சொல்லுங்கள். புயல் அடித்த வருஷம் என்பார்கள், மில்லில் ஸ்டிரைக் நடந்த வருஷம் என்பார்கள், அண்ணன் பிறந்து மூன்றாம் ஆடி என்பார்கள். அதை வைத்துப் பிள்ளைகளே பழைய பஞ்சாங்கத்தையும் காலண்டரையும் பார்த்துத் தேதி கண்டுபிடிக்கட்டும். நான் என்னுடையதை அப்படித்தான் கண்டுபிடித்தேன், நவம்பர் முதல் வாரம். பென்ஷனுக்கு உயிர்ச்சான்று கொடுக்க வங்கிக்குப் போகிற மாதம் அது. கியூவில் நிற்கும்போது அம்மாவை நினைத்துக்கொள்வேன்.

மற்ற நாட்களுக்கும் நம் பக்கத்துச் சரக்கு குறைவில்லை. செப்டம்பர் 22 காலாண்டுத் தேர்வுச் சமயம், ஆனாலும் எழுதுங்கள்: 1914-ல் அன்றைய ராத்திரி ஜெர்மன் கப்பல் எம்டன் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்தது, அதே தேதியில் 1791-ல் மைக்கேல் ஃபாரடே பிறந்தார். ஏப்ரல் 27 பலகையை யாரும் பார்க்காத நேரம்தான். ஆனாலும் 1918-ல் அன்றைக்குப் பெரம்பூரில் மில் தொழிலாளர்களுக்காக மெட்ராஸ் லேபர் யூனியன் தொடங்கியது. செல்வபதி செட்டியாரும் ராமானுஜலு நாயுடுவும் முன்கை எடுக்க, வாடியா தலைவராகவும் திரு.வி.க. துணைத்தலைவராகவும் இருந்தார்கள். 1994-ல் தென்னாப்பிரிக்கக் கறுப்பின மக்கள் முதல்முறையாக ஓட்டுப் போட வரிசையில் நின்றதும் அதே ஏப்ரல் 27. இரண்டையும் ஒரே பலகையில் பார்க்கிற வியாசர்பாடிப் பிள்ளைக்கு யாரும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்காது.

என் பேத்தி போன ஜூலை 1 ப்ரேயரில் கனடாவையும் டயானாவையும் அடித்துவிட்டு ராயபுரத்தை முதலில் படித்தாள். படித்து முடித்ததும் பின்வரிசையிலிருந்து ஒரு பையன், "மிஸ், எங்கப்பா அங்கதான் லோகோ ஷெட்ல வேலை செய்யறாரு" என்று கத்தினானாம். கூட்டம் முழுக்க அவனைத் திரும்பிப் பார்த்ததாம்.

பிள்ளைகளை ஸ்டேஷனுக்குக் கூட்டிவர எந்தப் பள்ளி முன்வந்தாலும், ஜூலை 1 காலை ஏழு மணிக்கு நான் வாசலில் நிற்பேன். பேத்தியும் வருவதாகச் சொல்லியிருக்கிறாள், தூண்களைக் காட்டும் வேலை அவளுடையதாம்.

இப்படிக்கு,
ராயபுரம் கல்மண்டபத்திலிருந்து,
ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் தாத்தா