சிவப்பு முட்டையும் ஒரு வெள்ளி நோட்டும்

பினாங்கு

அன்புத் தோழிக்கு,

பேத்தி பிறந்த செய்தியை வாட்ஸ்அப்பில் நாலே வார்த்தையில் சொல்லிவிட்டுக் காணாமல் போய்விட்டேன் என்று நீ கோபப்பட்டது நியாயம்தான். ஒரு மாதமாக எனக்கு உட்கார நேரமில்லை. போன சனிக்கிழமைதான் ‘ஃபுல்மூன்’ முடிந்தது. விரல் இடுக்கில் சிவப்புச் சாயம் இன்னும் போகவில்லை. மருதாணியா என்று மீன்காரர்கூடக் கேட்டுவிட்டார்.

ஃபுல்மூன் என்றதும் உனக்கு ஞாபகம் வந்திருக்கும். நம் வரிசை வீட்டில் எந்தச் சீனர் வீட்டில் குழந்தை பிறந்தாலும், முப்பது நாள் கழிந்ததும் எல்லாருக்கும் மஞ்சள் புளுட் (ஒட்டரிசி) சோறும் கோழிக் கறியும் சிவப்பு முட்டையும் வரும். நாம் முட்டைக்குத்தான் அடித்துக்கொள்வோம். ஓட்டை நனைத்து உதட்டில் தேய்த்துக்கொண்டு பள்ளிக்கூடம் போய் டீச்சரிடம் நீ வாங்கின திட்டு எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. இத்தனை வருஷம் வாங்கித் தின்றே பழகிவிட்டேன். மகள் சீனரைக் கட்டியதால் இப்போதுதான் கொடுக்கிற பக்கம் போயிருக்கிறேன்.

விஷயம் கேட்டதும் என் நாத்தனார் பஞ்சாங்கத்தைப் புரட்டி, “அன்றைக்குப் பௌர்ணமி இல்லையே?” என்றாள். சீனத்தில் நிலவுக்கும் மாதத்துக்கும் ஒரே சொல், நம் திங்கள் மாதிரி. மாதம் நிறைந்ததுதான் கணக்கு, வானத்து நிலா இல்லை என்று மாப்பிள்ளை அவளுக்கு விளக்கிச் சொன்னார். அந்தக் காலத்தில் பிறந்த குழந்தை முதல் மாதத்தைத் தாண்டுவதே பெரிய கண்டம். தாண்டிய பிறகுதான் ஊருக்குச் சொல்லி விருந்து வைப்பார்களாம். எங்கள் அப்பத்தா எஸ்டேட் லயத்தில் ஒன்பது பெற்றாள், நாலுதான் தங்கியது. முப்பதாம் நாள் தீட்டுக் கழித்துத் தொட்டிலில் போடுகிறோமே, அதற்குள்ளும் அந்தப் பயம்தான் இருந்திருக்கும். இப்போதுதான் எனக்கு உறைத்தது.

பிரசவ மாதம் எங்கே என்பதில் முதலில் கொஞ்சம் இழுபறி. பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்து வருவது நம் முறை. அவர்களுக்கோ பிரசவித்தவளைப் பார்த்துக்கொள்வது மாமியார் வீட்டுப் பொறுப்பு. கடைசியில் மகள் தன் வீட்டிலேயே இருக்க, நாங்கள் இரண்டு பேரும் முறை வைத்துப் போனோம். எனக்கும் சம்பந்தியம்மாவுக்கும் பேச்சு பாதி மலாய், பாதி ஹொக்கியன் சீனம். அவர் நல்லெண்ணெயில் இஞ்சியை வதக்கி, கோழியைப் போட்டு, அரிசி ஒயினை ஊற்றுவார். ஒயின் பாட்டிலைப் பார்த்ததும் என் வீட்டுக்காரர் முகம் போன போக்கைப் பார்க்கணுமே. கொதியில் எல்லாம் ஆவியாகிவிடும் என்று சொல்லி வைத்தேன். பால் ஊற சம்பந்தியம்மா பப்பாளிக்காய் போட்ட மீன் சூப் வைத்தார், நான் சுறாப்புட்டு செய்தேன். மாதம் முடியும்வரை தலைக்குத் தண்ணீர் ஊற்றக் கூடாது என்பதுதான் மகளுக்குப் பொறுக்கவில்லை. பன்னிரண்டாம் நாள் எங்களுக்குத் தெரியாமல் தலைக்குக் குளித்துவிட்டாள். நான் கண்டுபிடித்துவிட்டேன், காட்டிக்கொடுக்கவில்லை.

அப்புறம் முட்டை. கொடுப்பதற்கு மொத்தம் 90 பலகாரப் பெட்டி, பெட்டிக்கு இரண்டு. உடைசலுக்கும் சேர்த்து ஏழு தட்டு வாங்கி ஃப்ரிட்ஜில் அடுக்கினேன். வெள்ளிக்கிழமை காலை முதல் தட்டை அப்படியே எடுத்துக் கொதிக்கும் தண்ணீரில் போட்டேன். படபடவென்று பதினொன்று விரிசல் விட்டது. சம்பந்தியம்மா ஒன்றும் சொல்லாமல் மீதித் தட்டுகளை வெளியே எடுத்து மேஜையில் வைத்துவிட்டு, “தே குடிப்போம்” என்றார். முட்டையில் குளிர் விட்ட பிறகு பச்சைத் தண்ணீரில் போட்டு வேகவைத்தோம், ஒன்றுகூட உடையவில்லை. சாயத் தண்ணீரில் இரண்டு கரண்டி வினிகர் ஊற்றினால்தான் நிறம் பிடிக்கும். எண்ணெய்க் கை படவே கூடாது, பட்ட இடத்தில் வெள்ளைத் திட்டு விழும். நன்றாகக் காய்ந்ததும் துணியில் ஒரு சொட்டு எண்ணெய் தொட்டுத் துடைத்தார் பார், குங்குமச் சிமிழ் மாதிரி மின்னியது. முட்டை புது உயிருக்கு, சிவப்பு மங்கலத்துக்கு என்றார்.

சோறும் கறியும் ஆளிடம் சொல்லிவிட்டோம். பெட்டியில் இன்னொரு பலகாரம் அங்கூ குவே. புளுட் மாவுத் தோலுக்குள் இனித்த பாசிப்பருப்புப் பூரணம், அடியில் வாழையிலைத் துண்டு. ஏறக்குறைய நம் கொழுக்கட்டைதான், ஆனால் மர அச்சில் ஆமை ஓடு மாதிரி வடித்திருப்பார்கள். ஆமை அவர்களுக்கு நீண்ட ஆயுள். என் நாத்தனார் பெட்டியைத் திறந்து பார்த்து, “ஆமை புகுந்த வீடு விளங்குமா?” என்று சத்தமாகவே கேட்டாள். நல்லவேளை, தமிழில். பெண் குழந்தை என்பதால் பீச் பழ வடிவத்திலும் குவே இருந்தது. அதை அவள் கையில் கொடுத்து வாயை அடைத்தேன்.

ஹொக்கியனில் தாய்வழிப் பாட்டியை ‘குவா மா’ என்பார்கள். ‘குவா’ என்றால் வெளி. வெளிப் பாட்டி! முதல் தடவை கேட்டபோது சுருக்கென்றுதான் இருந்தது. ஆனால் முழுமாதத்துக்குத் தொப்பி முதல் செருப்பு வரை குழந்தைக்குப் போடுவதெல்லாம் அந்த வெளிப் பாட்டி வீட்டுச் சீராம். பெயரில் வெளியே நிறுத்தினாலும் செலவில் உள்ளே இழுத்துக்கொள்வார்கள் போல, நம் ஆட்களை மாதிரியே. சிவப்புச் சட்டை, தொப்பி, காலணி, தங்கக் காப்பு, கொலுசு எல்லாம் தட்டில் வைத்துக் கொண்டுபோனேன். என் தம்பி தாய்மாமன் என்று தனியாக ஒரு சங்கிலி போட்டான். சம்பந்தியம்மா முன்னோர் படத்துக்கு ஊதுபத்தி ஏற்றினார், நான் காதில் தமிழ்ப் பெயரை மூன்று தடவை சொன்னேன். குழந்தை இரண்டுக்கும் தூங்கிக்கொண்டிருந்தது.

ராத்திரி விருந்தாளிகள் போனதும் மொய் உறைகளைப் பிரித்துக் கணக்கு எழுதினோம். நம் பக்கத்து உறை ஒவ்வொன்றிலும் 51, 101. சம்பந்தியம்மாவின் கை நின்றுவிட்டது. அவர்கள் வழக்கத்தில் நல்ல காரியத்துக்கு இரட்டைப்படைதான், ஒற்றைப்படைப் பணம் சாவு வீட்டுக்கு வைப்பது. எனக்கு வியர்த்துவிட்டது. “நூறு என்றால் எங்களுக்குக் கணக்கு முடிந்துபோன மாதிரி. அந்த ஒன்று மேலே வளர்வதற்கு” என்று மலாயில் திக்கித் திணறிச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு எல்லா உறையிலிருந்தும் அந்த ஒரு வெள்ளி (ரிங்கிட்) நோட்டுகளை மட்டும் உருவித் தனியாக ஒரு அங்பாவில், அதாவது சீனர்களின் சிவப்புப் பண உறையில், போட்டு எண்ணினார். இருபத்தாறு. “இரட்டைப்படை” என்று சிரித்தார். அந்த அங்பாவ் தொட்டிலுக்கு அடியில் இருக்கிறது.

முடி விஷயத்தைச் சொல்ல விட்டுவிட்டேனே. அதை நினைத்துத்தான் ஒரு வாரம் எனக்குத் தூக்கம் இல்லை. முழுமாதத்தன்று தலையை மழித்து, அந்த முதல் முடியில் எழுதும் தூரிகை செய்து வைப்பார்கள். சம்பந்தியம்மாவுக்கு அதில் ரொம்ப ஆசை. இங்கேயோ, மகளுக்கு ஐந்தாம் மாதம் உதிரம் கண்டு படுக்கையில் கிடந்தபோது, முதல் முடியைத் தருகிறேன் என்று என் வீட்டுக்காரர் தண்ணீர்மலை முருகனுக்கு வேண்டிக்கொண்டுவிட்டார். எப்படிச் சொல்வது, சம்பந்தியம்மா மறுத்தால் என்ன பதில் சொல்வது என்று மனதுக்குள் பட்டிமன்றமே நடத்தினேன். வியாழக்கிழமைதான் வாயைத் திறந்தேன். பாதி சொல்வதற்குள் கையைக் காட்டி நிறுத்தினார். “நான் வருஷா வருஷம் தைப்பூசத்துக்குத் தேர் வரும் வழியில் தேங்காய் உடைக்கிறவள். சாமிக்குச் சொன்னதைச் சாமிக்குத்தான் கொடுக்கணும்” என்றார். அவ்வளவுதான். காதுக்குப் பின்னால் இருந்து கத்தரியால் ஒரு சிட்டிகை முடி எடுத்துச் சிவப்புக் காகிதத்தில் மடித்துக்கொண்டார். தூரிகைக்கு அது காணாது என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

தைப்பூசக் கூட்டம் ஓய்ந்த பிறகு மொட்டை வைத்திருக்கிறோம். 513 படி, எனக்கு முழங்கால் வலி. குழந்தையைத் தான் தூக்கிக்கொண்டு ஏறுவதாகச் சம்பந்தியம்மா இப்போதே சொல்லிவிட்டார். நீயும் காரைக்குடியிலிருந்து கிளம்பி வா, ஊரைப் பார்த்து எத்தனை வருஷம் ஆயிற்று. வரும்போது ஒரு மர நடைவண்டி வாங்கி வா, இங்கே எல்லாம் பிளாஸ்டிக்.

வெடித்த முட்டைகளில் சாயம் உள்ளே இறங்கி ரோஜா நிறத்தில் கோடு கோடாக இருக்கிறது. மூன்று நாளாக வீட்டில் முட்டைக் குழம்புதான். அவர் ஒன்றும் சொல்லாமல் சாப்பிடுகிறார்.

உன் பழைய பெஞ்சுக்காரி