மாணவர் கண்டுபிடிப்புகளின் வரைபடங்கள் வெளியில் வரட்டும்

ஆசிரியருக்கு,

மாணவர்கள் உருவாக்கிய விவசாயக் கருவிகள் பற்றித் தங்கள் ஞாயிறு இதழில் வந்த செய்தியை மகிழ்ச்சியோடு வாசித்தேன். ஆனால், எல்லாவற்றுக்கும் ஆக்கவுரிமை, அதாவது அனுமதியின்றிப் பிறர் அதைச் செய்து விற்பதைத் தடுக்கும் சட்ட உரிமை (patent), பெற வேண்டும் என்று அதில் வலியுறுத்தப்பட்டிருந்ததை ஏற்க முடியவில்லை. இலங்கையில் நமது 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி ஆக்கவுரிமை 20 ஆண்டுகள் வரை நீடிக்கும். வேகமாக மாறும் தொழில்நுட்பத்தில் அது ஒரு தலைமுறைக் காலம். முப்பரிமாண அச்சுப்பொறியையே பாருங்கள். அதன் முக்கிய ஆக்கவுரிமை ஒன்று 2009 இல் காலாவதியான பிறகுதான் சாதாரண மக்கள் வாங்கும் விலைக்கு அது இறங்கியது.

சுன்னாகத்தில் எங்கள் வெங்காயத் தோட்டத்துக்குத் தானாக நீர் பாய்ச்சும் கருவி ஒன்று வாங்கினோம். ஒரே மழையில் பழுதானது. விற்றவர்களிடம் சுற்று வரைபடம் கேட்டேன், தரவே மாட்டோம் என்றார்கள். பயிர் வாடிக்கொண்டிருந்தது. அப்புறம் மகன்தான் வடிவமைப்பை எவரும் பயன்படுத்தலாம் என்று திறந்துவிடப்பட்ட அர்டுயினோ என்னும் சிறு மின்னணுக் கட்டுப்பாட்டுப் பலகையை வைத்து இரண்டு நாளில் வேறொன்று செய்து தந்தான். இன்று அயல் தோட்டக்காரர் இருவரும் அதையே பார்த்துச் செய்திருக்கிறார்கள்.

திறந்துவிட்டால் வேறொருவர் அபகரித்துவிடுவார் என்ற பயம் நியாயமானதுதான். ஆனால் முறையாகப் பகிரங்கப்படுத்திய வடிவமைப்பு புதியது அல்ல என்பதால், அதற்கே பிறர் ஆக்கவுரிமை பெறுவது கடினம். ஆகவே, பொதுப்பணத்தில் உருவாகும் கருவிகளின் வரைபடம், நிரல், தமிழ்ச் செய்முறைக் கையேடு ஆகியவற்றைத் எவரும் பயன்படுத்தவும் மாற்றவும் அனுமதிக்கும் திறந்த உரிமத்தில் வெளியிடுவதை நிதி வழங்கும்போதே பல்கலைக்கழகமும் மாகாண விவசாயத் திணைக்களமும் நிபந்தனையாக்க வேண்டும்.

தோட்டக்காரர் ஒருவர்,
சுன்னாகம்.